கொடியில் எழுதிய ஊர்கள்

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை காலை. கப்பல் டப்ளின் துறைமுகத்தை விட்டுக் கிளம்பி அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஹவுத் குன்று பின்னால் மங்கிக்கொண்டிருந்தது. மேல்தளத்தில் காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்ற என் பக்கத்து வீட்டுப் பெரியவர், கோட்டின் உள்பையிலிருந்து பழுப்பு உறை ஒன்றை எடுத்தார். உள்ளே உள்ளங்கையளவு புகைப்படம். மீசை இன்னும் தடிக்காத ஒரு பையன், பிரிட்டிஷ் ராணுவச் சீருடையில், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். படத்தைத் திருப்பிக் காட்டினார். பென்சிலில் எழுதியிருந்தது: மெட்ராஸ், 1913.

“என் அம்மாவைப் பெற்றவர். இவரை லண்டனுக்குக் கூட்டிப் போகிறேன்” என்றார்.

பெரியவருக்கு 74 வயது. நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு முன்னறைச் சுவரில் நான் பல வருடங்களாகப் பார்த்துவரும் படம் வேறு. அவருடைய அப்பாவின் பெரியப்பா அதில் இருக்கிறார். 1916 ஈஸ்டர் திங்களன்று டப்ளினின் தலைமை அஞ்சலகத்தைக் கைப்பற்றிக் குடியரசை அறிவித்தவர்களோடு துப்பாக்கி ஏந்தி நின்றவர். அந்தப் படத்துக்குச் சட்டமும் கண்ணாடியும் உண்டு. வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன் ஒரு நிமிடம் நிற்பார்கள். மெட்ராஸ் பையனின் படமோ ஒரு பிஸ்கட் டின்னுக்குள், இரண்டு பதக்கங்களோடு, கட்டிலுக்கடியில் கிடந்திருக்கிறது. அம்மா இறந்த பிறகுதான் அதைத் திறந்தாராம். அம்மா உயிரோடு இருந்தவரை அந்த மனிதரைப் பற்றி வீட்டில் பேச்சே எழுந்ததில்லை.

மறுநாள் லண்டனில் அரசரின் பிறந்தநாள் அணிவகுப்பு. ‘ட்ரூப்பிங் த கலர்’ என்பார்கள். மைதானத்து இருக்கைகளுக்குக் குலுக்கல் உண்டு. நான் பெயர் கொடுத்திருந்தேன், இரண்டு இடங்கள் கிடைத்தன. டப்ளினில் யாரையாவது துணைக்கு அழைக்கத் தயக்கமாக இருந்தது. பிரிட்டிஷ் ராணுவத்தின் சிவப்புச் சட்டையை வேடிக்கையாக மட்டும் பார்க்க முடியாத ஊர் அது. கடைசியில் அவரே வந்து கேட்டார்: “இந்த வருஷம் கொடி ஐரிஷ் கார்ட்ஸ் படைப்பிரிவுடையதுதானே? நானும் வரட்டுமா?”

ஹோலிஹெட்டில் இறங்கி ரயில் ஏறினோம். கடலை ஒட்டியே ஓடும் பாதை. கான்வி கோட்டைச் சுவரை உரசுவதுபோல் ரயில் கடந்தது. இதே வழியாகத்தான் தலைமுறை தலைமுறையாக அயர்லாந்துக்காரர்கள் இங்கிலாந்துக்குப் போனார்கள். தண்டவாளம் போட, வீடு கட்ட, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் போனார்கள். சிப்பாய்களாகவும் போனார்கள். 1830 வாக்கில் பிரிட்டிஷ் ராணுவத்தின் சாதாரணச் சிப்பாய்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் அயர்லாந்தில் பிறந்தவர்கள். ‘அரசனின் ஷில்லிங்கை வாங்கினான்’ என்பது பட்டாளத்தில் சேர்ந்தவனைப் பற்றிய பழைய பேச்சு. “என் தாத்தா வீட்டில் ஒரே அறையில் ஒன்பது பேர். அந்த ஷில்லிங்கில் ரொட்டி இருந்தது. வேறு எதுவும் அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்காது” என்றார் பெரியவர்.

சனிக்கிழமை காலை வானம் இருண்டிருந்தது. ஹார்ஸ் கார்ட்ஸ் மைதானம் சரளை பரப்பிய ஒரு பெரிய முற்றம். ஒரு பக்கம் செயின்ட் ஜேம்ஸ் பூங்கா, எதிரே வெள்ளைக் கல் கட்டடம், அதன் உச்சியில் கடிகாரம். அந்தக் கடிகார முகத்தில் இரண்டு மணிக்கு அருகே ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறது. 1649-இல் சாலைக்கு அந்தப் பக்கம் முதலாம் சார்லஸ் அரசரின் தலையை வெட்டிய வேளையைக் குறிப்பது. நான் அதைச் சுட்டிக்காட்டியதும் பெரியவர் தலையசைத்தார். “அதே வருஷம் செப்டம்பரில் கிராம்வெல் ட்ரோஹெடாவுக்கு வந்தான்” என்றார். அரசனைக் கொன்றவர்கள் அடுத்து அயர்லாந்துக்குப் படையோடு வந்து ஒரு நகரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். ஒரே வருடம் லண்டனுக்கு ஒரு புள்ளியாகவும் ட்ரோஹெடாவுக்கு ஒரு புதைகுழியாகவும் இருக்கிறது. அன்று காலை முழுக்க நான் அவர் கண்ணால் பார்க்கத் தொடங்கியது அந்த நிமிடத்திலிருந்துதான்.

காலாட்படைகள் ஏற்கெனவே வந்து வரிசை கட்டியிருந்தன. கார்ட்ஸ் பிரிவுகள் ஐந்து. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றே: சிவப்புச் சட்டை, கரடித்தோல் தொப்பி. பிரித்தறியப் பித்தான்களைப் பார்க்க வேண்டும். கிரெனடியர்களுக்கு ஒவ்வொன்றாக, கோல்ட்ஸ்ட்ரீமுக்கு இரண்டிரண்டாக, ஸ்காட்ஸுக்கு மும்மூன்றாக, ஐரிஷுக்கு நான்கு நான்காக, வெல்ஷுக்கு ஐந்தைந்தாக. ஐரிஷ் கார்ட்ஸின் தொப்பியில் வலப்பக்கம் நீல இறகுக் குஞ்சம். அது செயின்ட் பேட்ரிக்கின் நீலம். சின்னத்தில் ஷாம்ராக் மூவிலை. கீழே லத்தீனில் ஒரு கேள்வி: யார் பிரிப்பார்?

இந்தப் படைப்பிரிவு 1900 ஏப்ரல் 1-இல் விக்டோரியா அரசியின் ஆணையால் உருவானது. தென்னாப்பிரிக்காவில் போயர்களுக்கு எதிரான போரில் அயர்லாந்துச் சிப்பாய்கள் காட்டிய வீரத்துக்கு மரியாதை. அதே போரில் ஜான் மெக்பிரைட் என்ற அயர்லாந்துக்காரர் போயர்கள் பக்கம் ஒரு படை திரட்டிப் பிரிட்டிஷாரோடு மோதினார். 1916 எழுச்சிக்குப் பின் டப்ளின் கில்மைனம் சிறையில் சுட்டுக்கொல்லப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அயர்லாந்தின் கதையில் இப்படித்தான் ஒவ்வொரு பக்கத்தைத் திருப்பினாலும் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு அயர்லாந்துக்காரர் நிற்கிறார்.

ஐரிஷ் கார்ட்ஸின் முன்னால் நடந்தது ஒரு வுல்ஃப்ஹவுண்ட் நாய். சீமஸ் என்று பெயர். சிவப்புப் போர்வை போர்த்து, கன்றுக்குட்டி உயரத்தில், அவசரமே இல்லாத நடை. 1902 முதல் இந்தப் பிரிவு இந்த நாயினத்தையே வளர்த்துவருகிறது. முதல் நாய்க்கு வைத்த பெயர் பிரையன் போரு, பதினோராம் நூற்றாண்டு அயர்லாந்தின் பேரரசர் பெயர். பெரியவர் முகத்தில் அன்று முதன்முதலாகச் சிரிப்பு வந்தது. “அவன் நம்ம ஊர்க்காரன்” என்றார்.

பதினொரு மணிக்கு அரசர் வந்தார். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்ததால் இந்த முறை குதிரையில் ஏறாமல் வண்டியில் வந்தார். ஐரிஷ் கார்ட்ஸின் தலைமைப் பொறுப்பில் இருக்கும் வேல்ஸ் இளவரசி கேத்தரினும் நோய் கண்டறியப்பட்ட பின் முதல் முறையாகப் பொது நிகழ்ச்சிக்கு வந்திருந்தார். கடிகாரத்துக்குக் கீழே உள்ள அலுவலக ஜன்னலிலிருந்து பிள்ளைகளோடு பார்த்தார். அது ஒரு காலத்தில் வெலிங்டன் கோமகனின் அறை. வெலிங்டன் பிறந்த ஊர் டப்ளின்.

பிறகு நடந்ததை என்னால் மறக்க முடியாது. தனியாக ஒரு முரசுக்காரன் வரிசையிலிருந்து பிரிந்து வந்து முரசை அடித்தான். அத்தனை பெரிய மைதானத்தில் அந்த ஒரு முரசு மட்டும் கேட்டது. அதுவே உத்தரவு. காவல் பிரிவு ஒன்று அடியெடுத்து வைத்து முன்னேறிக் கொடியைப் பெற்றுக்கொண்டது. கருஞ்சிவப்புப் பட்டு. அதில் அந்தப் பிரிவு போரிட்ட களங்களின் பெயர்கள். பிறகு அந்தக் கொடி, நிற்கும் சிப்பாய்களின் வரிசைகளுக்கு நடுவே, ஒவ்வொருவன் முகத்துக்கு முன்னாலும், மெல்ல மெல்ல நகர்ந்து போனது.

இதன் வேர் பழைய போர்க்களத்தில் இருக்கிறது. பீரங்கிப் புகையில் யார் எங்கே என்று தெரியாது. தன் கூட்டம் எது என்று சிப்பாய் கண்டுகொள்ள இருந்த ஒரே அடையாளம் கொடி. அதனால் அதை வரிசைகளுக்குள் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டி மனத்தில் பதிய வைத்தார்கள். 1748 முதல் அது அரசரின் பிறந்தநாளோடு சேர்ந்துகொண்டது. ‘இதை நன்றாகப் பார்த்துக்கொள், வழி தவறினால் இங்கே வந்து சேர்’ என்று பயந்துபோன ஒரு பையனுக்குச் சொல்லும் சொல்தான் இந்தச் சடங்கின் கரு. படாடோபம் எல்லாம் பிறகு ஏறியது. அந்த அளவில் இது என்னை உலுக்கியது என்பதை ஒளிக்க மாட்டேன்.

கொடி எங்கள் பக்கம் வந்தபோது கூட்டம் எழுந்தது. நான் எழுந்தேன். பெரியவர் சில நொடிகள் உட்கார்ந்தே இருந்தார். பிறகு கோட்டுப் பைக்குள் கையை விட்டு, உறையின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். கொடி கடந்ததும் உட்கார்ந்தார். நான் எதுவும் கேட்கவில்லை.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. காவி நிறக் கில்ட் கட்டிய ஐரிஷ் குழல்காரர்கள் நனைந்துகொண்டே வாசித்தார்கள். பின்னால் குதிரைப்படை வந்தது. முதலில் நடை, பிறகு ஓட்டம். சேணமும் கவசமும் உராயும் சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. எனக்கு இடப்பக்கம் அமர்ந்திருந்த மூதாட்டியின் கண்கள் நிறைந்தன. அவருடைய கணவர் குதிரைப்படையில் இருந்தவராம். 1982 ஜூலை 20-இல் ஹைட் பூங்கா ஓரம் ஐஆர்ஏ என்ற அயர்லாந்து ஆயுதக் குழு வைத்த குண்டு வெடித்தபோது, காவல் மாறப் போய்க்கொண்டிருந்த வீரர்கள் நான்கு பேரும் ஏழு குதிரைகளும் இறந்துபோனதை அவர் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். “எனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கிறது. எங்கள் தெருவில் அன்று யாரும் தலை நிமிர்ந்து பேசவில்லை” என்றார். அவர் பேச்சிலிருந்தே ஊர் தெரிந்திருக்க வேண்டும். மூதாட்டி அவர் கையைத் தொட்டுவிட்டு மறுபடி குதிரைகளைப் பார்த்தார்.

அதற்கு முந்தைய வருடம், 1981 அக்டோபரில், செல்சி படைமுகாம் அருகே ஐஆர்ஏ தாக்கிய பேருந்தில் இருந்தவர்கள் இதே ஐரிஷ் கார்ட்ஸ் வீரர்கள். தெருவில் போன பொதுமக்கள் இருவர் செத்தார்கள். ஐரிஷ் பெயரால் வைத்த குண்டு ஐரிஷ் பெயர் தாங்கிய படையின் மேல் விழுந்தது.

பெரியவர் அந்த மூதாட்டியிடம் சொல்லாத ஒன்றும் இருந்தது. பூங்கா வழியாக வெளியே வரும்போது என்னிடம் சொன்னார்: “இன்று தேதி ஜூன் 15.” 1972 ஜனவரி 30-இல் வட அயர்லாந்தின் டெரி நகரத்தில் ஊர்வலம் போன நிராயுதபாணிகளைப் பாராசூட் படைப்பிரிவு சுட்டதில் 13 பேர் அன்றே இறந்தார்கள். காயமடைந்த ஒருவர் பின்னர் இறந்தார். செத்தவர்கள் குற்றமற்றவர்கள் என்பதை அரசு ஒப்புக்கொள்ள 38 ஆண்டுகள் ஆயின. நீதிபதி சாவில் நடத்திய விசாரணையின் அறிக்கை வெளியாகி, பிரதமர் கேமரன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2010 ஜூன் 15. அந்தப் பாராசூட் பிரிவின் கௌரவத் தலைவர், சற்றுமுன் எங்கள் முன்னால் மரியாதையை ஏற்றுக்கொண்ட அரசரேதான். “அந்த அம்மாவின் துக்கம் உண்மை. அதன் நடுவில் என்னுடையதைக் கொண்டுபோய் வைக்க மனம் வரவில்லை. ஆனால் நான் அதை வீட்டிலேயே விட்டுவிட்டும் வரவில்லை” என்றார்.

கார்ட்ஸ் நினைவுச் சின்னத்தின் முன் மழைக்கு ஒதுங்கியபடி நின்றோம். ஐந்து வெண்கல வீரர்கள், பிரிவுக்கு ஒருவர். முதல் உலகப்போரில் பிடித்த ஜெர்மன் பீரங்கிகளை உருக்கி வார்த்தவை. அங்கேதான் என் பங்குக்கு நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

நான் வந்தவாசிக்காரன். கோரைப்பாய்க்குப் பேர்போன ஊர். ஊருக்குள் ஒரு சிதைந்த கோட்டை உண்டு. பள்ளிக்கூட நாட்களில் அதன் அகழியோரம்தான் விளையாடுவோம். 1760 ஜனவரி 22-இல் அங்கே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள் என்று பாடத்தில் படித்திருக்கிறேன். டப்ளினுக்கு வந்த பிறகுதான் மீதி தெரிந்தது. ஆங்கிலேயர் தளபதி அயர் கூட் பிறந்தது அயர்லாந்தின் லிமெரிக் மாவட்டத்தில். பிரெஞ்சுத் தளபதி லாலியின் தந்தை, ஆங்கிலேயரிடம் தோற்று நாட்டைவிட்டுப் போன அயர்லாந்துக்காரர். எங்கள் ஊர் வயலில் இரண்டு பக்கமும் நின்று படை நடத்தியது அயர்லாந்து ரத்தம்.

அன்று அயர் கூட் தலைமையில் போரிட்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் ஐரோப்பியப் படைதான், 1881-இல் பம்பாய்ப் படையோடு இணைக்கப்பட்டு ‘ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ்’ என்று பெயர் மாறியது. பிஸ்கட் டின்னில் கிடந்த பையன் சேர்ந்தது அந்தப் பிரிவில். அதன் சின்னத்தில் யானையும் புலியும். அதன் போர்ப் பெயர்களில் ஆற்காடு, வந்தவாசி, சோளிங்கர், புதுச்சேரி. முதல் உலகப்போர் தொடங்கியபோது அதன் முதல் பட்டாலியன் மெட்ராஸில் இருந்தது. அங்கிருந்து கப்பலேறிப் போய், 1915 ஏப்ரல் 25-இல் கலிப்பொலியின் கரையில் திறந்த படகுகளில் இறங்கி, துருக்கியரின் துப்பாக்கிகளுக்கு முன் கொத்துக்கொத்தாக விழுந்தது. பெரியவரின் தாத்தா காலில் குண்டோடு பிழைத்தார். ஒரு வருடம் கழித்து டப்ளினில் ஈஸ்டர் எழுச்சி. அதை அடக்க அனுப்பப்பட்டவர்களில் அதே டப்ளின் ஃப்யூசிலியர்ஸின் வேறொரு பட்டாலியனும் இருந்தது.

நான் சொல்லி முடித்ததும் பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “அப்படியானால் என் தாத்தா கொடியில் உன் ஊர் இருந்ததா?”

இருந்தது. இன்னும் இருக்கிறது. 1922-இல், புதிய சுதந்திர அரசு உருவாகிக்கொண்டிருந்த வேளையில், தென் அயர்லாந்தின் படைப்பிரிவுகள் கலைக்கப்பட்டன. ஜூன் 12-இல் அவற்றின் கொடிகளை வின்ட்ஸர் கோட்டையில் ஐந்தாம் ஜார்ஜ் அரசர் கையில் ஒப்படைத்தார்கள். யார் பிரிப்பார் என்ற கேள்விக்கு ஒரு தேசத்தின் விருப்பம் பதில் சொல்லிவிட்டது. 2014-இல் அயர்லாந்துக் குடியரசுத் தலைவர் ஹிக்கின்ஸ் முதல் அரசுமுறைப் பயணமாக அங்கே போனபோது அந்தக் கொடிகளின் முன் நின்றார்.

அன்றிரவு விடுதியில் தூக்கம் வராமல் யோசித்துக்கொண்டிருந்தேன். கொடியில் எழுதியிருப்பவை ஊர்ப் பெயர்கள்தான். வந்தவாசி என்று பட்டில் தைத்தவளுக்கு அது ஒரு வெற்றி. எனக்கு அது கோரைப்பாயும் அகழியும் என் அப்பாவின் கடையும். ட்ரோஹெடாவும் டெரியும் எந்தக் கொடியிலும் ஏறவில்லை, அவற்றைப் பெரியவர் தலையில் சுமந்துகொண்டு வந்தார். அந்த மூதாட்டி ஹைட் பூங்காவைச் சுமந்துகொண்டு வந்தார். சடங்கு எழுதிவைத்ததை மட்டும் காட்டும். எழுதாத ஊர்களைக் கொண்டுவந்து சேர்ப்பது பார்க்கிறவர்களின் வேலை. ஒடுக்கப்பட்ட நாட்டிலிருந்து வருகிறவருக்கு இதில் இன்னொரு கடமையும் இருக்கிறது: தன் ஆட்கள் வேறொருவர் ஊரில் போய்ச் செய்ததையும் அதே கணக்கில் எழுதுவது. பெரியவர் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டபோது அதைத்தான் செய்தார்.

திரும்பி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, டப்ளின் ஐலண்ட்பிரிட்ஜில் உள்ள போர் நினைவுத் தோட்டத்துக்குப் போனோம். டெல்லி இந்தியா கேட்டை வடிவமைத்த லட்யன்ஸ் அமைத்த தோட்டம். முதல் உலகப்போரில் இறந்த 49,400 பேரின் பெயர்கள் அங்கே புத்தகங்களில் இருக்கின்றன. பல காலம் கேட்பாரற்றுப் பாழடைந்து கிடந்த இடம் இது. 2011 மே மாதம் எலிசபெத் அரசி வந்தபோது, முதலில் விடுதலைப் போராளிகளின் நினைவுத் தோட்டத்தில் தலை தாழ்த்தினார், மறுநாள் இங்கே மலர் வைத்தார். இரண்டு தோட்டங்களுக்கும் போனதால்தான் அந்த வருகையை டப்ளின் ஏற்றுக்கொண்டது என்றார் பெரியவர்.

மாலையில் செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்காவுக்கு வந்தோம். அதன் வாயிலில் 1907-இல் கட்டிய கருங்கல் வளைவு நிற்கிறது. போயர் போரில் இறந்த டப்ளின் ஃப்யூசிலியர்ஸ் வீரர்களின் பெயர்கள் உட்புறத்தில் இருக்கின்றன. வெளிப்புறக் கல்லில் 1916 துப்பாக்கிக் குண்டுகளின் தழும்புகள். ஊர் அதற்கு வைத்த பெயர் ‘துரோகிகளின் வாயில்’. பெரியவரின் அம்மா ஒருநாளும் அதன் கீழே நடந்ததில்லையாம். பையனின் கையைப் பிடித்துச் சுற்றிக்கொண்டு பக்கத்து வாசல் வழியாகத்தான் கூட்டிப் போவாராம். தன் அப்பாவின் படைப்பிரிவு அது என்பதை மறைக்கத்தான் அப்படிச் செய்தார் என்று இப்போது அவருக்குத் தோன்றுகிறது.

“நீ இப்படி வா, நான் அம்மா வழியாக வருகிறேன்” என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்து வாசலுக்கு நடந்தார். நான் வளைவின் கீழே தலையை உயர்த்திப் பெயர்களைப் படித்துக்கொண்டே போனேன். உள்ளே குளக்கரையில் சந்தித்தோம். 1916 சண்டையின்போது இந்தக் குளத்து வாத்துகளுக்கு இரை போடுவதற்காக இரண்டு தரப்பும் தினமும் சுடுவதை நிறுத்தின என்பது டப்ளின்காரர்கள் எல்லோரும் சொல்லும் கதை. வாத்துகள் அன்றும் இருந்தன.

பெஞ்சில் உட்கார்ந்ததும் பெரியவர் உறையை எடுத்துப் படத்தை ஒருமுறை பார்த்தார். நாளைக்கு இதற்குச் சட்டம் போடக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். சுவரில் பெரியப்பா படத்துக்குப் பக்கத்தில் ஆணியும் அடித்தாயிற்றாம்.

“அடுத்த முறை நீ ஊருக்குப் போகும்போது அந்தக் கோட்டையை ஒரு படம் எடுத்து வா. மூன்றாவது ஆணி அதற்கு” என்றார்.